நிவாரணப் பணியை மதிப்பிடுவது எப்படி? நாகப்பட்டினம் தந்த பாடமும் இணையவழிப் பயிற்சியும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தின் சாலையோரங்களில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் லாரிகளில் வந்தவை அவை. அனுப்பியவர்களின் பரிவில் குறையில்லை. ஆனால் பெற வேண்டியவர்கள் அவற்றைக் கேட்கவில்லை. அனுப்பப்பட்ட உதவிக்கும் தேவைப்பட்ட உதவிக்கும் இடையிலான இந்தத் தொலைவை அளக்கும் பணியே மனிதாபிமான உதவி மதிப்பீடு.

இது தணிக்கையிலிருந்து வேறுபட்டது. தணிக்கை, பணம் விதிப்படி செலவானதா என்று பார்க்கும். மதிப்பீடோ, அந்தச் செலவால் யாருடைய வாழ்வில் என்ன மாறியது, யார் விடுபட்டனர் என்று கேட்கும். கணக்கில் ஒரு பைசாகூடப் பிசகாத நிவாரணம், மதிப்பீட்டில் தோற்றுப்போகலாம்.

இத்துறை வேகம் பெற்றது ருவாண்டாவின் துயரத்தால். 1994 இனப்படுகொலையையொட்டிய உதவிப் பணிகளைப் பல நாடுகளும் அமைப்புகளும் கூட்டாக ஆராய்ந்து 1996-இல் அறிக்கை வெளியிட்டன. அடுத்த ஆண்டே, மதிப்பீட்டு அனுபவங்களைத் திரட்டும் ஆல்னாப் அமைப்பும், குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் ஸ்பியர் திட்டமும் தோன்றின. ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், தங்குமிடத்தில் 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பன ஸ்பியர் கையேட்டின் பரவலாக அறியப்பட்ட அளவுகள்.

ஆழிப்பேரலை உதவியை ஆராய 2005 பிப்ரவரியில் சர்வதேச மதிப்பீட்டுக் கூட்டமைப்பு ஒன்று உருவானது. 2006 ஜூலையில் வெளியான அதன் தொகுப்பறிக்கை, உலகம் முழுவதும் திரட்டப்பட்ட உதவி சுமார் 1,350 கோடி டாலர் என்று கணக்கிட்டது. பாதிக்கப்பட்டோர் ஒருவருக்கு 7,100 டாலர். அதே 2004-இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்ததோ வெறும் 3 டாலர்! முதல் சில நாட்களில் உயிர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மக்களே என்றும், வெளியிலிருந்து வந்த அமைப்புகள் பல நேரங்களில் அவர்களின் திறனைப் புறக்கணித்தன என்றும் அறிக்கை சுட்டியது. நாகையில் மாவட்ட நிர்வாகத்துடன் இணைந்து தொண்டு நிறுவனங்கள் அமைத்த ஒருங்கிணைப்பு மையம், இதற்கு மாறான ஒரு நல்ல முயற்சி.

மதிப்பீட்டாளர்கள் கையாளும் அளவுகோல்களில் பெரும்பாலானவை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு வகுத்தவை: பொருத்தம், பயனுறுதி, சிக்கனம், தாக்கம், நிலைத்தன்மை. 2019-இல் ஒத்திசைவும் சேர்ந்தது. பேரிடர்ப் பணிகளுக்கெனத் தனியாகக் கவனிக்கப்படுவது ‘பரவல்’, அதாவது உதவி எல்லாப் பிரிவினரையும் எட்டியதா என்பது. நாகையில் பெரிதும் இடறியது இங்கேதான். படகும் வலையும் இழந்த மீனவர்கள் எல்லோர் கண்ணிலும் பட்டனர். கரையில் கூலிவேலை செய்த தலித் மக்களும், கழிமுகங்களில் இறால் பிடித்துப் பிழைத்த இருளர்களும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றனர். மறுபுறம், கண்ணாடியிழைப் படகுகள் தேவைக்கு மேல் வழங்கப்பட்டன என்ற விமர்சனமும் எழுந்தது.

இந்தத் திறன்களைக் கற்க இன்று வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. ‘காயா’, ‘டிசாஸ்டர்ரெடி’ ஆகிய இணையதளங்கள் மனிதாபிமானப் பணி சார்ந்த பாடங்களைக் கட்டணமின்றி வழங்குகின்றன. 2016-இல் வெளியான ஆல்னாப்பின் விரிவான மதிப்பீட்டு வழிகாட்டியையும் இலவசமாகப் பதிவிறக்கலாம். இந்தியாவில், தில்லி ரோகிணியில் உள்ள தேசிய பேரிடர் மேலாண்மை நிறுவனம் இணையவழிப் பயிற்சிகளையும் நடத்திவருகிறது.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இயங்கும் ஜனக்புரி போன்ற பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கும் இது தொலைவான செய்தியன்று. ஊரில் புயல் என்றதும் பொருள் திரட்டி அனுப்பத் துடிப்பவர்கள், மூட்டை கட்டுவதற்கு முன் ‘யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள்’ என்று விசாரிக்கும் பழக்கத்தை இப்பாடங்களிலிருந்து பெறலாம். பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடையே.

வினாப் பட்டியல் தயாரித்தல், மாதிரி தேர்வு, ஒருவர் கூற்றைப் பிறர் கூற்றோடும் ஆவணத்தோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் ஆகியவற்றைத் திரையில் கற்றுவிடலாம். முகாமில் ஊர்த் தலைவர் அருகில் நிற்கும்போது ஒரு பெண் சொல்லும் பதிலும், அவர் அகன்றபின் சொல்லும் பதிலும் வேறுபடுவதை உணரும் நுட்பம், களத்தில் அனுபவமுள்ள ஒருவருடன் சில நாட்கள் நடந்தால்தான் வரும். எனவே பாடம் முடித்தவர்கள் நேரடியாக மதிப்பீட்டில் இறங்காமல், ஏதேனும் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆய்வுக் குழுவில் முதலில் உதவியாளராகச் சேர்வதே தகும்.