அரிசிப் பூஞ்சணமும் முட்டைக்கோழியும்

'கொலஸ்ட்ரால் மாத்திரை ஈரலைக் கெடுத்துப்போடுமாமுங்க' என்று கோவையிலும் ஈரோட்டிலும் சொல்லாத ஆளில்லை. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்துவிட்டால் பயம் இரட்டிப்பு. அந்த மாத்திரையை உலகுக்கு மீட்டுத் தந்ததே முட்டைக்கோழி என்றால் நாமக்கல் பண்ணைக்காரர்கூட நம்பமாட்டார்.

அகிரா எண்டோ ஜப்பானின் அகிதாவில் விவசாயக் குடும்பத்தில் 1933இல் பிறந்தவர். பூஞ்சணத்தின் மேல் தீராத மோகம். நம் உடம்பின் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டில் வருவதல்ல, உடம்பே செய்துகொள்வது. ஈரல் அதில் முக்கியமான பட்டறை. அந்த வேலையை நடத்தும் நொதியை முடக்கும் சரக்கு ஏதாவது பூஞ்சணத்தில் இருக்கும் என்று எண்டோ கணக்குப் போட்டார். சாங்க்யோ மருந்துக் கம்பெனியில் 1971இல் தேடத் தொடங்கி, 6,000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சலித்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த பூஞ்சணத்தில் 1973இல் அது கிடைத்தது.

எலிக்குக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரால் அசையவே இல்லை. மருந்து தடுக்கத் தடுக்க, எலியின் ஈரல் அந்த நொதியைக் கூடுதலாகச் செய்து ஈடுகட்டிக்கொண்டது. கம்பெனிக்கு ஆர்வம் போய்விட்டது. 1976இல் ஒரு மதுக்கடையில், முட்டைக்கோழிகளை வைத்து ஆய்வு செய்த சக ஊழியரைச் சந்தித்தார் எண்டோ. முட்டையில் அவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறதே, கோழி ரத்தத்திலும் இருக்கத்தானே வேண்டும்? தீவனத்தில் கலந்து ஒரு மாதம் கொடுத்தார்கள். கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியது!

ஆனாலும் 1980இல் சாங்க்யோ அதைக் கைவிட்டது. அமெரிக்காவின் மெர்க், வேறொரு பூஞ்சணத்தில் கண்டெடுத்த, இதே வகையான (ஸ்டாடின்) லோவாஸ்டாடினுக்கு 1987இல் அனுமதி வாங்கியது. 1994இல் ஸ்காண்டிநேவியாவில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த சோதனையில், சிம்வாஸ்டாடின் சாவை 30 சதவீதம் குறைத்தது.

ஈரல் பயம் எங்கிருந்து வந்தது? சிலருக்கு ஈரல் நொதி கொஞ்சம் ஏறும். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை கேட்டார்கள். அந்த வழக்கமான பரிசோதனை தேவையில்லை என்று அமெரிக்க மருந்து ஆணையமே 2012இல் சொல்லிவிட்டது. ஃபேட்டி லிவர் உள்ளவரை அதிகம் கொண்டுபோவது ஈரல் அல்ல, இதய நோய். கிரேக்க ஆய்வொன்றில் (2010) ஈரல் நொதி லேசாக ஏறியிருந்தவர்களுக்கு ஸ்டாடின் கொடுத்தபோது நொதியும் இறங்கியது, இதய, ரத்தக்குழாய் பாதிப்பும் குறைந்தது. ஈரல் முற்றிலும் சுருங்கிப்போனவர்கள் விஷயம் வேறு. அது டாக்டர் முடிவு.

ஆனால் ஈரலில் படிந்த கொழுப்பை மாத்திரை கரைக்காது. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைய வேண்டும். 80 கிலோ ஆளுக்கு ஆறு, எட்டு கிலோ. சாயங்கால பேக்கரியில் டீக்குச் சர்க்கரையும் கூடவே பப்ஸும் குறைந்தாலே தொடக்கம்தான். தட்டில் அரிசியைக் குறைத்து, காய், பருப்போடு கம்பு, ராகியும் அளவாக வரட்டும்.

எண்டோவுக்கே வயதான காலத்தில் கெட்ட கொழுப்பு ஏறியது. 'கவலைப்படாதீர்கள், நல்ல மருந்து இருக்கிறது' என்றாராம், எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாத டாக்டர்.