வீட்டை இடிச்சு புதுப்பிக்கிறீங்களா? பழைய செங்கல், மரம், கம்பியை என்ன செய்யலாம்?

திருச்சி அரியமங்கலம் குப்பைக் கிடங்கின் பரப்பு சுமார் 47 ஏக்கர். பல ஆண்டுகளாக அங்கே கலந்து கொட்டிய குப்பையை ‘பயோமைனிங்’ முறையில் தோண்டி, சலித்துப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. கலந்துட்டா பிரிக்கிறது கஷ்டம். வீட்டு இடிபாட்டுக்கும் இதேதான். அதனால், இடிக்கும் முன்பே திட்டமிடுங்க.

எதை மீண்டும் பயன்படுத்தலாம்?

மரம்: நிலை, கதவு, ஜன்னலை முதல்ல கழற்றிடணும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை எரிக்கவோ, தூசி பறக்கச் சுரண்டவோ கூடாது.

செங்கல்: சுண்ணாம்புக் கலவையில் கட்டிய சுவர் என்றால் கல் எளிதில் கழன்று வரும். சிமெண்ட் என்றால் ஒட்டிக்கொண்டு உடையும். தட்டினால் கணீர்னு கேட்கிற முழுக்கல்லைச் சுற்றுச்சுவருக்கு வைக்கலாம்.

கான்கிரீட்: ஆலையில் நொறுக்கித் தரம் பிரித்தால் ஜல்லியாகும். ஐ.எஸ். 383 (2016) தரநிலைப்படி, எம்25 வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் இதை 20% வரை சேர்க்கலாம்.

எதில் கவனம் தேவை?

வளைந்த, துருப்பிடித்த கம்பியைத் தூணுக்கோ கூரைக்கோ மறுபடி போடவே கூடாது. பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தால், அது உருக்கப்பட்டு மறுபடி இரும்பாகும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல் முழுசாக இறக்கணும். அதன் தூசி நுரையீரலைப் பாதிக்கும்.

மிச்சத்தை எங்கே கொட்டுவது?

வாய்க்காலிலோ ரோட்டோரத்திலோ கூடாது. இடிபாட்டுக்கு அதை உருவாக்குபவரே பொறுப்பு என மத்திய அரசின் 2016 விதிகளே சொல்லிவிட்டன. லாரியை வரச் சொல்லும் முன், எங்கே கொட்டணும்னு மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேட்டுக்கோங்க.