ஒமாலிசுமாப் ஊசியும் இராமநாதபுரக் கடற்கரையும்: யாருக்கு, எப்போது, எங்கே?

ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவுக்கும், ஊரில் காணாக்கடி என்று சொல்லப்படும் தோல் தடிப்பு நாட்பட்டு நீடிக்கும்போதும், ஒமாலிசுமாப் என்ற எதிர்பொருள் ஊசி பயன்படுகிறது. ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ என்னும் எதிர்பொருளை 1960களின் பிற்பகுதியில் இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். குருதியில் உலவும் ஐஜிஇயைப் பற்றிக்கொண்டு, அது மாஸ்ட் செல்களில் போய் ஒட்டாமல் தடுப்பதே இந்த ஊசியின் வேலை. அமெரிக்காவில் 2003இல் ஆஸ்துமாவுக்கும் 2014இல் தோல் தடிப்புக்கும் அனுமதி கிடைத்தது. இதைப் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளுக்கு மட்டுமே உரியது என ஒதுக்குவது தவறு. தகுதி பார்க்காமல் பரவலாகப் போடுவதும் தவறு. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே, கண்டிப்பான படிமுறைக்குப் பிறகு, தேவைப்படும் சிலருக்கு இது கிடைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரு நோய்களுக்குமான சான்றுகளைத் தனித்தனியே எடைபோட வேண்டும். ஆஸ்துமா ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வில், ஸ்டீராய்டு இன்ஹேலரோடு இந்த ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் நோய் முற்றித் தாக்குதலுக்கு உள்ளானவர்கள் 16 சதவீதம்; போலி மருந்து பெற்றவர்களில் 26 சதவீதம். இது இன்ஹேலருக்கு மேல் கிடைத்த பயன். இன்ஹேலரே ஒழுங்காகக் கிடைக்காதவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. காணாக்கடியில் பயன் இன்னும் தெளிவு. ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைக்கு அடங்காதவர்களிடம் நடந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் பெற்றவர்களில் 44 சதவீதம் பேருக்கு 12ஆவது வாரத்தில் தடிப்பும் அரிப்பும் முற்றிலும் நின்றன. போலி மருந்து பெற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கே நின்றன. இந்நோய்க்கு மருந்தளவை உடல் எடையோ ஐஜிஇ அளவோ தீர்மானிப்பதில்லை. எனவே மாவட்ட மருத்துவமனையில் தொடங்க எளிதானது இதுவே.

ஆஸ்துமாவிலோ எடையும் மொத்த ஐஜிஇ அளவும் சேர்ந்துதான் மருந்தளவு. குடற்புழுக்களும் ஐஜிஇயை உயர்த்தும் என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்பினால் ஒவ்வாமையே இல்லாதவருக்கும் ஊசி போக நேரும்; அளவு எல்லை மீறி, தகுதியுள்ளவர் விடுபடவும் கூடும். எனவே முதலில் புழுநீக்கம், பிறகு எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்னும் தோல் சோதனை. அந்தச் சோதனைப் பட்டியலில் சீமைக் கருவேல மகரந்தம் இடம்பெற வேண்டும். இம்மாவட்டத்தில் மண்டிக் கிடக்கும் அம்மரத்தின் மகரந்தம் வட இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் ஒவ்வாமைப் பொருளாக அறியப்பட்டது. ஆனால் அம்மரத்தை எரித்துக் கரியாக்கும் மூட்டத்தின் புகை ஒவ்வாமைப் பொருள் அல்ல. மூச்சுக்குழாயை நேரடியாக எரிச்சலூட்டுவது. புகையால் வரும் இளைப்புக்கு ஐஜிஇயைத் தடுப்பதால் பயனில்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். ஒருவருக்கான ஊசிச் செலவில் பலருக்கு இன்ஹேலர் வாங்கலாமே என்பது முதலாவது. உண்மைதான், அதனால்தான் இன்ஹேலர் முதற்படி. ஆனால் அதை முறையாகப் பயன்படுத்தியும் அடங்காதவர், அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கி நீரிழிவையும் எலும்புத் தேய்வையும் கண்புரையையும் விலைக்கு வாங்குகிறார். அந்தச் செலவும் கணக்கில் சேர வேண்டும். 2024இல் ஐரோப்பா இம்மருந்தின் நிகர் உயிரிமருந்துக்கு அனுமதி தந்தது. போட்டி பெருகினால், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மொத்தக் கொள்முதல் விலையை இன்னும் இறக்கும். இரண்டாவது, பாதுகாப்பு. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம். பெரும்பாலும் முதல் சில ஊசிகளில், போட்ட சில மணி நேரத்துக்குள். அட்ரினலினும் கண்காணிப்பும் 2 முதல் 8 டிகிரிக் குளிர்சேமிப்பும் உள்ள இடம் இதற்குப் போதும். மருத்துவக் கல்லூரியில் இவை இருந்தாக வேண்டியவை. மூன்றாவது, புழுத்தொற்று கூடும் என்ற அச்சம். பிரேசிலில் 137 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையில் தொற்று ஓரளவே கூடியது. புழுமருந்துக்கும் அது கட்டுப்பட்டது.

தூரம்தான் இங்கே பெரிய தடை. இராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை அங்கே போய்வர ஒரு மீனவர் நாள்கூலியை இழக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசும் இருக்காது. தவறும் தவணைகளால் நல்ல மருந்தும் பலனற்றதாகத் தோன்றும். ஆகவே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஊசியைச் சேர்த்து, இன்ஹேலர் நுட்பம் சரிபார்க்கப்பட்டு ஒவ்வாமை உறுதியானவர்களுக்கும், மாத்திரைக்கு அடங்காத காணாக்கடி நோயாளர்களுக்கும் மாவட்டத்திலேயே வழங்க வேண்டும். நான்கு முதல் ஆறு மாதத்தில் பயனை மதிப்பிட்டு, பயனில்லையெனில் நிறுத்துவதும் அத்திட்டத்தின் விதியாக இருக்க வேண்டும்.