பேரரசரின் ரிடையர்மென்ட் வீடு

மத்தியதரைக் கடல் ஊர்களுக்குக் கோடையில்தான் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் போனது ஜனவரியில். ரசனை ஒன்றும் காரணமில்லை, வாடகைதான் காரணம். வியன்னாவில் இருக்கும் மகள், "அப்பா, ஆகஸ்ட்ல ஒரு ராத்திரிக்குக் கேக்கிற வாடகைக்கு இப்போ நாலு ராத்திரி தங்கலாம்" என்றாள். அரசு உத்தியோகத்தில் 32 வருஷம், அதில் பெரும்பகுதி ரேஷன் கடைகளோடும் விலைப்பலகைகளோடும் கழித்தவனுக்கு இதைவிட என்ன சிபாரிசு வேண்டும்? என் மனைவி, மகள், நான் என்று மூன்று பேர் கிளம்பினோம்.

ஊரின் பெயர் ஸ்ப்ளிட். குரோஷியாவில், ஏட்ரியாட்டிக் கடலோரம். மகள் பட்டியலிட்ட நாலைந்து ஊர்களில் இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. என் பணி நிறைவு விழாவில், மாலையும் பொன்னாடையும் முடிந்த பிறகு, ஓர் அதிகாரி ஒரு கதை சொன்னார். ரோமாபுரிப் பேரரசர் ஒருவர் பதவியைத் தானாகவே விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போய் முட்டைக்கோஸ் பயிரிட்டாராம். திரும்பி வந்து ஆளுங்கள் என்று கூப்பிட்டபோது, என் தோட்டத்தைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். "நம்ம சாரும் இனி நிம்மதியாத் தோட்டம் போடட்டும்" என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். என் வீட்டில் தோட்டம் கிடையாது, மொட்டை மாடியில் நாலு தொட்டிதான். இருந்தாலும் கதை மனசில் தங்கிவிட்டது. அந்தப் பேரரசர் டயோக்ளீஷியன். அவர் ஓய்வுக்காகக் கட்டிக்கொண்ட வீடுதான் இன்றைய ஸ்ப்ளிட்டின் பழைய நகரம்.

வீடு என்கிறேன், ஆனால் ஏறத்தாழ 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் கோட்டைச் சுவர், நான்கு வாசல். வடக்கே பொன் வாசல், கிழக்கே வெள்ளி, மேற்கே இரும்பு, தெற்கே கடலைப் பார்த்த பித்தளை வாசல். (இந்தப் பெயர்கள் பின்னால் வந்தவை, பொன்னும் இல்லை வெள்ளியும் இல்லை, எல்லாம் கல்தான்.) எதிரே தெரியும் பிராச் தீவிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வந்தது. தூண்களுக்குக் கிரானைட் எகிப்திலிருந்து வந்தது, கூடவே ஸ்ஃபிங்ஸ் சிலைகளும் வந்தன. நடு முற்றத்தில் இன்றும் உட்கார்ந்திருக்கும் கறுப்பு ஸ்ஃபிங்ஸ், டயோக்ளீஷியனுக்கு ஏறக்குறைய 1,750 வருஷம் முந்தியது. அவரே பழம்பொருள் சேகரித்தவர்தான் போலிருக்கிறது.

இது வேலி போட்டு டிக்கெட் கிழிக்கும் இடிபாடு அல்ல. ஜனங்கள் உள்ளேயே குடியிருக்கிறார்கள். பேரரசரின் சுவரில் ஜன்னல் வைத்து, ஜன்னலுக்கு வெளியே கொடி கட்டித் துணி உலர்த்துகிறார்கள். நாங்கள் எடுத்த வாடகை வீடும் சுவருக்குள்தான்.

இரண்டாம் நாள் பூரா என்கிற காற்று அடித்தது. மலையிலிருந்து வடகிழக்காக இறங்கும் குளிர்காற்று, வானத்தை ஒரு மேகமில்லாமல் துடைத்துவிட்டுப் போகும். கடற்கரைச் சாலையில் என் மனைவி குல்லாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏங்க, இதுக்குத்தான் இவ்வளவு தூரமா?" என்றாள். ஆனால் கோட்டைக்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று நின்றது. சந்துகள் அவ்வளவு குறுகல். ஜூபிடர் கோவிலை ஒட்டிய ஒரு சந்துக்கு "என்னைப் போக விடு" என்றே பெயர். கோடையில் அதற்கு அர்த்தம் இருக்கும். எங்களுக்கு அங்கே வழிவிட ஒரு பூனைகூட எதிரே வரவில்லை.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பாதி உணவகங்கள் மூடிக் கிடந்தன. நாலரை ஐந்துக்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. பூரா ஓய்ந்தால் தெற்கிலிருந்து யூகோ என்ற ஈரக்காற்று மழையோடு வருகிறது. ஆனால் வெயில் அடித்தால், ஊர்க்காரர்கள் கடற்கரைச் சாலையில் நாற்காலியைச் சூரியனுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு காபியை வைத்து இரண்டு மணி நேரம் உட்கார்கிறார்கள். அதில் பாதிப் பேர் என் வயசு. அந்த நாற்காலி வரிசையில் நான் மிகச் சுலபமாகச் சேர்ந்துகொண்டேன்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

டயோக்ளீஷியன் இந்தப் பகுதிக்காரர்தான். ஸ்ப்ளிட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் சலோனா என்ற பெரிய ரோமானிய நகரம் இருந்தது. அதை ஒட்டிய எளிய குடும்பம் ஒன்றில் பிறந்து, படையில் சேர்ந்து மேலே வந்து, 284-ல் பேரரசரானார். அதற்கு முந்தைய ஐம்பது வருஷத்தில் ரோமாபுரியில் பேரரசர்கள் வந்த வேகத்தையும் கொலையான வேகத்தையும் பார்த்தால், இவர் இருபது வருஷம் நிலைத்து ஆண்டதே பெரிய காரியம். ஒருவரால் இவ்வளவு பெரிய நாட்டை ஆள முடியாது என்று 293-ல் அதிகாரத்தை நான்கு பேருக்குப் பிரித்தார். மாகாணங்களைச் சிறிதாக வெட்டினார், எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆபீஸ்களும் கூடின, வரியும் கூடியது.

எனக்கு அவரிடம் தொழில் ரீதியான ஒரு பாசம் உண்டு. 301-ல் அவர் விலைக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்று போட்டார். தானியம், இறைச்சி, காய்கறி, செருப்பு, முடிவெட்டும் கூலி, வாத்தியார் சம்பளம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு உச்ச விலை. மீறினால் மரண தண்டனை. கல்லில் வெட்டி ஊர் ஊராக வைத்தார்கள், உடைந்த துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. விளைவு? பயத்தில் சரக்கு சந்தைக்கே வராமல் போனது, விலை இன்னும் ஏறியது, கடைசியில் ஆணையைக் கைவிட்டார்கள் என்று லாக்டான்ஷியஸ் எழுதுகிறார். அவர் அதே காலத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர். 303-ல் கிறிஸ்தவர்களை டயோக்ளீஷியன் கொடுமையாக வேட்டையாடத் தொடங்கியதால், இவர் பேரரசரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதியவரல்ல. ஆனால் சந்தை விஷயத்தில் அவர் சொல்வதை நான் நம்புகிறேன். பலகையில் விலை எழுதிய மறுநாள் மூட்டை மறைவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

305 மே 1-ஆம் தேதி, நிகோமீடியா நகருக்கு வெளியே, தான் பேரரசராக அறிவிக்கப்பட்ட அதே மேட்டில் நின்று பதவியைத் துறந்தார். வயது அறுபதை ஒட்டி. அதற்கு முன் எந்த ரோமாபுரிப் பேரரசரும் தானாக விலகியதில்லை. சக பேரரசர் மாக்ஸிமியனையும் அதே நாளில் விலக வைத்தார் (அவருக்கு மனசே இல்லை). பிறகு இந்த அரண்மனைக்கு வந்து சேர்ந்தார்.

அந்த முட்டைக்கோஸ் கதை 308-ல் நடந்தது. அவர் போட்ட நால்வர் ஏற்பாடு மூன்றே வருஷத்தில் குலைந்து, ஆளாளுக்குப் பேரரசர் என்று கிளம்பிவிட்டார்கள். டான்யூப் கரையில் கார்னுன்டம் என்ற இடத்தில் கூடிப் பேசினார்கள். அது மகள் இருக்கும் வியன்னாவுக்குப் பக்கம்தான். மீண்டும் பதவி ஏற்கச் சொல்லி அவரைக் கேட்டதும், தோட்டத்தைக் காட்டி அவர் மறுத்ததும் அந்தச் சமயம்தான். ஆனால் பழைய லத்தீன் நூலில் இருப்பது முட்டைக்கோஸ் அல்ல. பொதுவாகக் காய்கறி, கீரை வகையைக் குறிக்கும் சொல். 18-ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் கிப்பன் ஆங்கிலத்தில் எழுதும்போது அதை முட்டைக்கோஸ் ஆக்கினார், அன்றிலிருந்து உலகமே கோஸ் என்கிறது. என் கட்சி கீரைதான். வெள்ளி வாசலுக்கு வெளியே காய்கறிச் சந்தை இருக்கிறது. ஜனவரிக் குளிரில் அங்கே மேஜைக்கு மேஜை குவிந்து கிடந்தது பிளிட்வா என்ற கீரை. பெரிய பச்சை இலை, வெள்ளைத் தண்டு. உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து வேகவைத்து, எந்தச் சாப்பாட்டோடும் வைத்துவிடுகிறார்கள். சைவக்காரர்களான எங்களை அந்த ஒரு வாரம் காப்பாற்றியது அதுதான்.

விழா மேடையில் சொன்ன கதை இதோடு முடிந்துவிடும். மிச்சக் கதையை நான் படித்தது ரொம்பப் பிந்தி, இந்தப் பயணத்துக்காகப் புத்தகங்களைத் தேடியபோதுதான்.

டயோக்ளீஷியனுக்கு ஒரே மகள், வலேரியா. தன் கீழ் ஆண்ட கலேரியஸுக்கே கட்டிக்கொடுத்திருந்தார். 311-ல் கலேரியஸ் இறந்தார். கிழக்கை ஆண்ட மாக்ஸிமினஸ் டையா அந்த விதவையை மணக்கக் கேட்டான். அவள் மறுத்தாள். சொத்தைப் பறித்து, அவளையும் கூட இருந்த தாய் ப்ரிஸ்காவையும் நாடு கடத்தினான், சிரியா பக்கம் துரத்தினான். அப்போது இந்தக் கடலோர வீட்டிலிருந்து அப்பா தூது அனுப்பினார். என் மகளை என்னிடம் அனுப்பிவிடு என்று. பதில் இல்லை. மறுபடி மறுபடி அனுப்பினார். கடைசியில் படையில் செல்வாக்குள்ள உறவினர் ஒருவரை அனுப்பி, நான் உனக்குச் செய்ததையெல்லாம் நினைத்துப் பார் என்று சொல்லச் சொன்னார். அதற்கும் பலனில்லை. ஒரு காலத்தில் இவர் கையெழுத்துக்கு பிரிட்டனிலிருந்து எகிப்து வரை நடுங்கியது.

311-க்கும் 313-க்கும் இடையில் அவர் இறந்துபோனார். தாயும் மகளும் வேஷம் மாற்றிக்கொண்டு பதினைந்து மாதம் அலைந்தார்கள். கடைசியில் தெஸலோனிக்கியில் பிடிபட்டார்கள், அடுத்து வந்த லிசினியஸின் ஆணைப்படி தலை வெட்டப்பட்டு உடல்கள் கடலில் வீசப்பட்டன. இதையெல்லாம் சொல்வதும் அதே லாக்டான்ஷியஸ்தான். டயோக்ளீஷியனின் எதிரி என்றாலும், இந்த இரண்டு பெண்களைப் பற்றி எழுதும்போது அவர் குரல் தணிந்துவிடுகிறது.

டயோக்ளீஷியன் தனக்காகக் கட்டிய சமாதி மண்டபம் முற்றத்தை ஒட்டி, எட்டுப் பட்டையாக நிற்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் சலோனா அழிந்தபோது அங்கிருந்து தப்பியவர்கள் இந்த அரண்மனைச் சுவருக்குள் புகுந்து குடியேறினார்கள், ஊர் உண்டானது அப்படித்தான். சமாதியைத் தேவாலயமாக்கினார்கள். அதுவும் யாருக்கு? டயோக்ளீஷியன் காலத்தில் கொல்லப்பட்ட சலோனா பிஷப் தோம்னியஸுக்கு. பேரரசரின் கல் சவப்பெட்டி எப்போதோ காணாமல் போய்விட்டது. உள்ளே மேலே பார்த்தால், சுவரைச் சுற்றி ஓடும் சிற்ப வரிசையில் இரண்டு வட்டங்களுக்குள் இரண்டு முகங்கள். அவை டயோக்ளீஷியனும் ப்ரிஸ்காவும் என்கிறார்கள். வலேரியா இல்லை.

நாங்கள் போன காலை வேளையில் உள்ளே எங்களைத் தவிர ஒரே ஒரு கிழவி ஜெபம் செய்துகொண்டிருந்தாள். மனைவி முழங்கால் வலியோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் மகளிடம் மெதுவான குரலில் தூதுக் கதையைச் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா, அந்த பெஞ்சு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எனக்குப் புரிந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, 2014-ல், அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம். ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்கிச் சான்று வாங்க வேண்டும். நானே வருஷக்கணக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்று. நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்துக்கே போனேன். நான் வேலை சொல்லிக் கொடுத்த பையன்தான் அந்த நாற்காலியில். "சார், நாளைக்கு வாங்களேன்" என்றான். நாளைக்குப் போனால் மறுநாள். மூன்றாம் தடவை கையெழுத்துக்காக மகளும் வந்தாள். வராந்தாவில் பொது ஜனங்களுக்கான பெஞ்சில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். நாலாவது தடவை சான்று வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கவனித்திருக்க மாட்டாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பேப்பரை ஒரு பக்கம்கூடத் திருப்பலைப்பா" என்றாள்.

மறுநாள் அரண்மனையின் அடித்தளத்தைப் பார்த்தோம். ('கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எடுத்த இடம் என்று மகள் சொன்னாள்.) கடல் பக்கம் தரை தாழ்ந்திருப்பதால், மேலே பேரரசரின் அறைகளைத் தாங்கக் கீழே வளைவு வளைவாக மண்டபங்கள் கட்டினார்கள். மேல் மாடி போய்விட்டது. ஆனால் கீழே எந்த வடிவில் அறை இருக்கிறதோ அதே வடிவில்தான் மேலேயும் இருந்தது, அதனால் அவர் எந்த ஹாலில் உலாத்தினார் என்றுகூட ஊகிக்க முடிகிறது. இது மிஞ்சியதற்குக் காரணம் குப்பை. மேலே குடியேறியவர்கள் தரையில் ஓட்டை போட்டு, நூற்றாண்டுக் கணக்கில் கழிவைக் கீழே கொட்டினார்கள், அது கெட்டிப்பட்டு வளைவுகளை அப்படியே காத்தது. 1757-ல் ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் ஐந்து வாரம் தங்கி அரண்மனையை அளந்து 1764-ல் பெரிய புத்தகமாகப் போட்டார். அவருக்குக்கூட இந்த மண்டபங்களைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. முறையாகத் தோண்டியது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். ஓட்டைகள் கூரையில் இன்னும் தெரிகின்றன.

அந்த மண்டபத்தில் சத்தமே இல்லை. கல்லில் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த ஹாலுக்கு நேர் மேலேதான் எங்கேயோ அவர் தூதனுக்காகக் காத்திருந்திருப்பார். சாளரத்துக்கு வெளியே கடல், ஒவ்வொரு பாயையும் பார்த்திருப்பார். என் மனைவி, "என்ன, ரெண்டு பேரும் நேத்துலேருந்து ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்றாள். அங்கேயே, கல் மேல் உட்கார்ந்து, பெஞ்சுக் கதையை அவளுக்குச் சொன்னேன். பதினோரு வருஷம் தாமதம். "அந்தப் பையனா? நம்ம வீட்ல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கான்" என்றாள். அது ஒன்றுதான் சொன்னாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சந்தைக்குப் போனோம். ஒரு பாட்டியின் மேஜையில் பிளிட்வா இரண்டு கட்டு வாங்கினோம். விலைப்பலகை கிடையாது, விரலைக் காட்டினாள், கொடுத்தோம். பையைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு கைப்பிடி அள்ளி மேலே போட்டாள். கொசுறுக்கு குரோஷிய மொழியில் என்ன சொல்வார்களோ. ஊரிலிருந்து கொண்டுவந்த பாசிப்பருப்பைப் போட்டு, மிளகு சீரகம் தாளித்து, பேரரசரின் சுவருக்குள் அன்று ராத்திரி கீரைக் கூட்டு.