வெட்டிய காடு திரும்பி வந்தது, வெட்டிய மலை வருமா?



ஓசூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், ஊர்ல இருக்கிற மேட்டு நிலத்த எட்டு வருஷமா சும்மா விட்டிருக்கோம். முள்ளும் புதருமா கிடக்கு. அப்படியே விட்டா காடாயிடுமா? இல்ல ஜே.சி.பி. விட்டு சுத்தம் பண்ணிடலாமா?" நம் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு இன்று இதே கேள்விதான். ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. நம்ம ஊர் ரயில் பாதையிலிருந்து தொடங்குகிறேன்.

மெட்ராஸிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூர் வரை மெட்ராஸ் ரயில்வே போட்ட பாதை 1862-இல் முடிந்தது. திருப்பத்தூர், சாமல்பட்டி, மொரப்பூர் வழியாகச் சேலம் போகும் நம் பாதை அதில் ஒரு பகுதி. தண்டவாளத்துக்கு அடியில் போட மைலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டைகள் வேண்டும். நிலக்கரி தூரத்திலிருந்து வர வேண்டியிருந்ததால் எஞ்சினுக்கும் விறகையே எரித்தார்கள். பாதையை ஒட்டிய காடுகளில் கோடாரி ஓயவில்லை. 1856-இல் மெட்ராஸ் மாகாணத்தின் முதல் வனக் காப்பாளரான டாக்டர் ஹியூ கிளெக்ஹார்ன் இதைப் பற்றி அப்போதே கவலைப்பட்டு எழுதினார். 1882-இல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. காப்புக்காடுகள் உருவாயின. ஆடு மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய நம் முன்னோர்கள் பலர் அந்தச் சட்டத்தால் கஷ்டப்பட்டதும் உண்மை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெட்டிய இடங்கள் பலவற்றில் மரம் மறுபடி வந்தது. யாரும் நட்டு வரவில்லை. மரம் போனாலும் மண் இருந்தது. மண்ணுக்குள் வேர்க்கட்டையும் விதையும் இருந்தன. உசிலை போன்ற மரங்கள் அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கும். இதைத்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் 'இரண்டாம்நிலை வழிமுறை வளர்ச்சி' என்று படித்தீர்கள். உழவு நின்ற நிலத்திலும் இதே கதைதான். முதலில் தும்பை, நெருஞ்சி போன்ற பூண்டுகள். பிறகு புற்கள். அடுத்து ஆவாரை, காரை, சூரை போன்ற புதர்கள். அந்த முள்ளின் மறைவில், ஆட்டின் வாய்க்கு எட்டாமல், வேம்பும் வேலமும் உசிலையும் தலை தூக்கும். ஒவ்வொரு கூட்டமும் அடுத்த கூட்டத்துக்கு இடம் தயார் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

மண்ணே இல்லாவிட்டால்? 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. தீவில் எஞ்சிய பகுதியைச் சாம்பல் மூடிவிட்டது. அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தவர்கள் கண்ட ஒரே உயிர் ஒரு சிலந்தி. 1886-இல் பெரணிகள் வந்திருந்தன. சுமார் 50 ஆண்டுகளில் காடு மூடிவிட்டது. அங்கே மழை கொட்டும். சாம்பலும் சீக்கிரம் மண்ணாகும். நம்முடையது கருங்கல் பூமி. மழையும் அந்த அளவுக்குக் கிடையாது. நம் பாறையில் முதலில் குடியேறுவது லைக்கன். குழம்புக்குப் போடும் கல்பாசி அந்த இனம்தான். அது பாறையைத் துளித்துளியாக அரித்து, தூசியைப் பிடித்து, விரிசலில் ஒரு பிடி மண் சேர்வதற்குள் பல தலைமுறைகள் போய்விடும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் வெளிநாடு வரை போகிறது. அந்தக் கூலியில் படித்து முன்னேறிய பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ரயிலுக்காக வெட்டியது மரத்தை, அது திரும்பியது. குவாரியில் போவது மண்ணும் மலையும் சேர்த்து. அங்கே இயற்கை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. 1916-இல் அமெரிக்கர் கிளெமென்ட்ஸ், எந்த நிலமும் படிப்படியாக வளர்ந்து ஒரு நிலையான உச்ச சமுதாயத்தை அடையும் என்றார். 1926-இல் கிளீசன் இதை மறுத்தார். அருகில் எந்த விதை இருக்கிறது, எது முதலில் வருகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும் என்றார். நம்ம ஊர் உண்ணிச்செடி கிளீசன் பக்கம் சாட்சி சொல்லும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்த அமெரிக்கச் செடி அது. பழத்தைக் குருவி தின்று விதையைப் பரப்பும். ஆடு மாடு சீண்டாது. அது அடர்ந்துவிட்டால் அடியில் நம் மரக்கன்று எழும்பாது. படிக்கட்டு பாதியிலேயே நின்றுபோகும். விறகுப் பஞ்சம் தீர 1870-களில் கொண்டுவந்த சீமைக்கருவேலமும் அப்படித்தான்.

ஆகவே, தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில்: ஜே.சி.பி. வேண்டாம். அது மேல்மண்ணையும் வேர்க்கட்டையையும் சேர்த்து வாரிவிடும்; எட்டு வருட வேலை ஒரே நாளில் வீணாகும். தீயும் வைக்காதீர்கள். முதலில் நிலத்துக்குள் நடந்து பாருங்கள். ஆவாரை, காரை, சூரை இருந்தால் விட்டுவிடுங்கள். அவற்றின் அடியில் வேப்பங்கன்று தெரிந்தால் நிலம் சரியான வழியில் போகிறது என்று அர்த்தம். உண்ணிச்செடியை மட்டும் காய் பிடிப்பதற்கு முன் எடுங்கள். மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் சொன்ன முறை எளிது: தரைக்குக் கீழே இரண்டு அங்குல ஆழத்துக்குள் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். பிறகு இரண்டு மூன்று மழைக்காலம் முளைப்பதைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வருடங்களில் ஆடு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் குடும்ப விஷயம். புதர் மண்டிக் கிடக்கும் நிலத்தை 'வீணாய்ப் போனது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் நிலங்களில் இப்போது என்னென்ன முளைத்திருக்கிறது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் அனுப்புங்கள், சேர்ந்து கண்டுபிடிப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், சாமல்பட்டி