சாலையோர மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் மண்: தில்லி உத்தரவின் பின்னணி

புதுதில்லி: தலைநகரில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவுக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. மரங்களில் பொருத்தப்பட்ட பெயர்ப்பலகைகள், விளம்பரங்கள், மின்கம்பிகள் ஆகியவற்றை நீக்கவும் அது ஆணையிட்டது.

நீரை மட்டுமன்றிக் காற்றையும் வேர்கள் மண்ணிலிருந்தே பெறுகின்றன. அடிமரம் வரை கான்கிரீட் பூசப்பட்டால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் வடிகாலுக்குச் சென்றுவிடும், காற்றோட்டமும் தடைபடும். வேர் நலிந்த மரம் வெளித்தோற்றத்தில் பசுமையாக இருந்தாலும் பலத்த காற்றில் சாயக்கூடும்.

தில்லி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1994-இன்படி, வெட்டுவது மட்டுமன்றி, பட்டையை வளையமாக உரிப்பது, எரிப்பது, வேறு வகையில் சேதப்படுத்துவது ஆகியவையும் மரத்தை வீழ்த்துவதாகவே கருதப்படும்.

கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும் இந்நகரில், நடந்து செல்வோருக்கும் பேருந்துக்குக் காத்திருப்போருக்கும் சாலையோர வேம்பு, நாவல், நீர்மருது மரங்களின் நிழலே அடைக்கலம். புதிய மரக்கன்றுகளால் அந்த நிழலை உடனே ஈடுசெய்ய இயலாது. நடைபாதை அமைக்கும்போதே அடிமரத்தைச் சுற்றி மண்ணைத் திறந்து விடுவது, வளர்ந்து நிற்கும் மரத்தைக் காக்கும் எளிய வழியாகும்.