கைகளில் நரம்புகள் புடைத்துத் தெரிவது ஏன்?

சிலருக்குப் புறங்கையிலும் முன்கையிலும் பச்சை அல்லது நீல நிறத்தில் கோடுகள் புடைத்துத் தெரியும். இதை நரம்புத் தளர்ச்சி என்று பயந்து டானிக், லேகியம் என வாங்கிச் சாப்பிடுபவர்களும் உண்டு.

பேச்சு வழக்கில் நரம்பு என்று சொன்னாலும், இவை நரம்புகள் அல்ல. கைகளிலிருந்து இரத்தத்தை இதயத்திற்குத் திரும்பக் கொண்டு செல்லும் சிரைகள் எனப்படும் இரத்தக் குழாய்கள். இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்துவதும், டிரிப்ஸ் ஏற்றுவதும் இவற்றில்தான். உள்ளே ஓடுவது கருஞ்சிவப்பு இரத்தமே. தோலின் வழியாகப் பார்ப்பதால் நிறம் மாறித் தெரிகிறது.

காரணங்கள் என்ன?

வயது: வயது கூடும்போது தோல் மெலிந்து, அதன் அடியில் உள்ள கொழுப்பும் குறைகிறது. மூடியிருந்த குழாய்கள் வெளியே தெரிகின்றன.

மெலிந்த உடல்: கொழுப்பு குறைவாக உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே தெரியலாம். இது பலவீனத்தின் அடையாளம் அல்ல.

உழைப்பு: பளு தூக்கும்போது தசைகள் விம்மி, சிரைகளைத் தோலை நோக்கித் தள்ளுகின்றன. ஓய்வெடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும்.

வெப்பம்: உடல் சூட்டை வெளியேற்ற, தோலுக்கு அதிக இரத்தம் வருகிறது. குழாய்கள் விரிகின்றன. அதனால்தான் கோடையில் அதிகமாகத் தெரிகிறது.

கர்ப்பம்: இக்காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு கூடுவதால் சிரைகள் எடுப்பாகத் தெரியும்.

பரம்பரை, வெளிர் நிறத் தோல் ஆகியவையும் காரணமாகலாம்.

வீட்டிலேயே பார்க்கலாம்

கையைச் சிறிது நேரம் தொங்க விடுங்கள், குழாய்கள் புடைக்கும். பிறகு தலைக்கு மேல் உயர்த்துங்கள். இரத்தம் வடிந்து அவை தட்டையாகும். வலியும் வீக்கமும் இல்லாமல் இப்படி நடந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. சிகிச்சையும் தேவையில்லை.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

* புடைத்த இடம் சிவந்து, சூடாகி, தொட்டால் கயிறு போல் கெட்டியாக இருந்து வலித்தால். டிரிப்ஸ் ஏற்றிய பிறகு இப்படி வரலாம்.
* ஒரு கை மட்டும் திடீரென வீங்கி, கனத்து, நிறம் மாறினால். இது ஆழமான சிரையில் இரத்தம் உறைந்ததால் இருக்கலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எண்ணெய் தேய்த்து உருவி விடாதீர்கள்; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
* கழுத்துக் குழாய்களும் புடைத்து, மூச்சு வாங்கினால்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கையில் அறுவை சிகிச்சை செய்து, தமனியைச் சிரையுடன் இணைப்பார்கள். அதனால் அந்தக் குழாய் பெரிதாகத் தெரிவது இயல்பு. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, வேறு ஊசி போடவோ கூடாது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால், புதிய மருத்துவமனைக்குப் போகும்போது முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.